மின்சார மோட்டாரின் பூர்வ சரித்திரம்

1899-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதியன்று, நியூயார்க் நகரத்து லெக்ஸிங்டன் அவென்யூவில், வாடகை மோட்டார் வண்டியொன்றை மணிக்கு 12 மைல் வேகத்தில் ஓட்டிச் சென்ற குற்றத்துக்காக அதன் ஓட்டுநர் கைது செய்யப்பட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார். நேர்வீதியில் 8 மைலுக்கு மேற்பட்ட வேகம் கூடாது என்பது அந்நகரத்தின் அக்காலச் சட்டம். ஓட்டுநரைத் துரத்திப் பிடித்த போலீஸ்காரர் ஏறி வந்ததோ ஒரு சைக்கிள். அதிவேகத்துக்காக ஒரு மோட்டார்க்காரர் அமெரிக்காவில் கைதான முதற் சம்பவம் இதுவே என்று சரித்திரக்காரர்கள் இதை ரஸமாக எடுத்துரைப்பதுண்டு. அவர்களில் பலர் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகரும் வேறொரு விஷயம்தான் நமக்கு முக்கியம்: பிடிபட்ட அந்த வண்டி பெட்ரோலில் ஓடியதன்று, பாட்டரியில் ஓடியது. அன்றைய நியூயார்க்கில் வாடகை மோட்டார் என்றாலே பெரும்பாலும் மின்சார வண்டிதான்.

மின்சார மோட்டாரைப் பற்றி இன்று எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் அதை நேற்றுப் பிறந்த குழந்தையாகவும், பெட்ரோல் மோட்டாரை அதன் பாட்டனாகவும் பாவிக்கிறார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 1900-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கில் பதிவான மோட்டார் உற்பத்தி 4,192 வண்டிகள். அவற்றுள் 1,681 நீராவியாலும், 1,575 மின்சாரத்தாலும், 936 மட்டுமே பெட்ரோலாலும் ஓடுபவை. மூன்றாம் ஸ்தானத்திலிருந்த பெட்ரோல் வண்டி பதினைந்தே வருஷங்களில் மற்ற இரண்டையும் வீதியிலிருந்து விரட்டிவிட்டது எப்படி என்ற கேள்விக்கு, அதன் யந்திரம் உயர்ந்தது என்று ஒரே வார்த்தையில் விடை கூறுவது வழக்கம். அந்த விடை எனக்குத் திருப்தி அளிப்பதில்லை. வண்டியின் ஜயாபஜயம் வண்டிக்கு உள்ளே இருந்த யந்திரத்தைவிட, வண்டிக்கு வெளியே இருந்த ரஸ்தா, லாயம், கடை, கம்பி ஆகியவற்றையே அதிகமாகப் பொறுத்திருந்தது என்பது என் அபிப்பிராயம்.

முதலில், அக்காலத்துப் பெட்ரோல் வண்டியைக் கிளப்புவது எத்தகைய வைபவம் என்பதைப் பார்க்கவேண்டும். தீப்பொறி சற்றுப் பிந்தி விழுமாறு அதற்குரிய நெம்புகோலைத் தள்ளி வைத்துவிட்டு, வண்டியின் முன்புறம் சென்று, ரேடியேட்டருக்குக் கீழே நீண்டிருக்கும் ஹாண்டிலைப் பிடித்து, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கொஞ்சம் அடைத்து, ஹாண்டிலைக் கீழிருந்து மேலாக ஒரே மூச்சில் சுண்டி இழுக்கவேண்டும். கட்டைவிரலை அதைச் சுற்றி வளைத்துப் பிடிப்பது அபாயம். மற்ற நான்கு விரல்களின் பக்கமாகவே அதையும் ஒட்டி வைத்துக்கொள்ளவேண்டும். நெம்புகோலைத் தள்ள மறந்து, தீப்பொறி முந்தி விழுந்துவிட்டதோ, எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். அந்த உதையில் மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்களுக்குக் கணக்கே இல்லை. நம் ஊர்களில் பழைய லாரிகளுக்கு ஹாண்டில் போட்டுப் பழகிய கிளீனர்கள் சிலர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் இதையே இன்னும் காரமான பாஷையில் சொல்வார்கள். இத்தனைக்கும் பிறகு வண்டி கிளம்பினால், புகையும் நாற்றமும் அதிர்ச்சியும், கியர் மாற்றும்போதெல்லாம் பல்லோடு பல் உரசும் கூச்சலுமாகப் பிரயாணம் நடக்கும். நீராவி வண்டியில் அதிர்ச்சியும் கூச்சலும் குறைவு. ஆனால், குளிர்காலத்துக் காலையில் கொதிகலம் சூடேற முக்கால் மணி நேரங்கூட ஆகும், வழியெல்லாம் தண்ணீருக்கு நிற்கவேண்டும். மின்சார வண்டிக்கோ இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்து பிடியைத் தள்ளினால் அது நகரும். பின்னுக்கு இழுத்தால் நிற்கும்.

அதற்கு உயிரான ஈய பாட்டரியைப் பிரான்ஸ் தேசத்து கஸ்தோன் பிளாந்தே 1859-இல் கண்டுபிடித்தார். 1881-இல் கமீல் ஃபோர் அதைத் திருத்தி, அதிக மின்சாரம் கொள்ளும்படி செய்தார். அதே வருஷம் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் மூன்று சக்கர வண்டியொன்றை மின்சாரத்தால் ஓட்டிக் காட்டினார். 1899 ஏப்ரல் 29-ஆம் தேதி, பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீல் ஜெனாட்ஸி, டார்பீடோ வடிவில் செய்த மின்சார வண்டியொன்றில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தார். மோட்டார் வண்டிகளுள் அந்த எல்லையை முதன்முதல் தாண்டியது அதுதான். மின்சாரம் என்ற சொல்லுக்கே அந்நாளில் ஒரு மந்திர சக்தி இருந்தது; நம் சென்னையிலும் 1895-இலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953 வரையில் ஓடிற்று.

நியூயார்க்கின் வாடகை வண்டிகளுக்கு மூலபுருஷர்கள் பிலடெல்பியாவைச் சேர்ந்த மாரிஸ், ஸாலம் என்ற இருவர். 1894-இல் தங்கள் முதல் மின்சார வண்டியைச் செய்த அவர்கள், 1897-இல் பன்னிரண்டு சொச்சம் வண்டிகளுடன் நியூயார்க்கில் தொழில் ஆரம்பித்தார்கள். சீக்கிரத்தில், பாட்டரி வியாபாரியான ஐஸக் ரைஸ் அந்தத் தொழிலை வாங்கி, எலெக்ட்ரிக் வெஹிகிள் கம்பெனி என்ற பெயரில் விரிவுபடுத்தினார். பிராட்வேயில் முன்பு சறுக்கு விளையாட்டுக் கூடமாக இருந்த ஒரு விஸ்தாரமான கட்டடம் அவர்களுடைய பிரதான நிலையமாயிற்று. மின்சாரம் தீர்ந்த வண்டி உள்ளே வந்ததும், அதைப் பின்பக்கமாக மேடையருகே தள்ளி, நாலா பக்கமும் அசையாதபடி நீரழுத்தப் பொறிகளால் பிடித்து நிறுத்துவார்கள். வண்டியின் அடியிலிருந்து, ஆயிரம் ராத்தலுக்கு மேற்பட்ட எடையுள்ள பாட்டரிப் பெட்டி அப்படியே மேடைக்கு இழுக்கப்படும். தலைக்கு மேலே ஓடும் கிரேன் அதைத் தூக்கிக்கொண்டுபோய், வரிசை வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் மற்றப் பெட்டிகளுக்கிடையே வைத்துவிட்டு, நிறைந்த பெட்டியொன்றைக் கொண்டுவரும். சில நிமிஷங்களுக்குள் வண்டி மறுபடி வீதியில் இருக்கும். அஞ்சல் குதிரை மாற்றுகிற அந்தப் பழைய ஏற்பாட்டைத்தான் அவர்கள் இரும்பிலும் ஈயத்திலும் அமைத்துக்கொண்டார்கள். பாட்டரிக்குத் தனியாக ஒரு கூடமும், அதைப் பரிசோதிக்கத் தனியாக ஆட்களும் இருந்தபடியால், ஓட்டுநருக்கு மின்சார சாஸ்திரம் தெரியவேண்டிய அவசியமே இருக்கவில்லை. வண்டியை விற்பது அவர்கள் நோக்கமன்று. பிரயாணத்தை விற்பதே நோக்கம். இதைக் காட்டிலும் புத்திசாலித்தனமான ஏற்பாடு அந்தத் தலைமுறையில் வேறொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த நல்ல தொழிலைக் கெடுத்தது பணம். டிராம் கம்பெனிகளால் கோடீசுவரரான வில்லியம் விட்னி என்பவர் 1899-இல் இதற்குள் புகுந்து, ஹார்ட்போர்டு நகரத்துச் சைக்கிள் உற்பத்தியாளர் ஆல்பர்ட் போப்பையும் சேர்த்துக்கொண்டு, அமெரிக்காவின் பெரிய நகரங்களிலெல்லாம் ஆயிரக்கணக்கில் மின்சார வண்டிகளை விடப்போவதாகப் பறைசாற்றிப் பங்குகளை விற்றார். பிராட்வேயில் பழகின ஆட்கள் சிரத்தையோடு பேணிய பாட்டரிகள், வேற்றூர்களில் பழகாத ஆட்களின் கையில் சிக்கி, கல்பாவிய வீதிகளில் குலுங்கி, தகடு உதிர்ந்து, பயனற்றுப்போயின. கம்பெனியின் கடன் விவகாரமொன்றிலிருந்த பித்தலாட்டத்தை ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தவும், ஈய வண்டிக்காரர்கள் என்ற ஏளனப் பெயர் அவர்களுக்கு நிலைத்தது. 1907-இல் கம்பெனி திவாலாயிற்று. இதில் ஒரு வேடிக்கை. பெட்ரோல் மோட்டார் வண்டிக்கே உரிமை கொண்டாடும் ஸெல்டன் பேடண்டு என்ற சாசனத்தை இந்த மின்சாரக் கம்பெனிதான் 1899-இல் வாங்கி வைத்துக்கொண்டு, பெட்ரோல் வண்டி செய்கிறவர்களிடம் கப்பம் வசூலித்துவந்தது. கப்பம் கட்ட மறுத்து வழக்காடியவர் ஹென்றி போர்டு. 1911-இல் மேல் கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று.

லண்டனிலும் 1897-இல் வால்டர் பெர்ஸி என்பவர் மின்சார வாடகை வண்டிகளை விட்டார். அவற்றின் ரீங்காரத்தையும், மஞ்சளும் கறுப்புமான வர்ணத்தையும் கண்ட ஜனங்கள் ரீங்காரப் பறவைகள் என்று அவற்றுக்குப் பெயர் சூட்டினார்கள். இரண்டு வருஷத்துக்குள் அவையும் நின்றுபோயின.

வாடகைத் தொழில் விழுந்த பிறகு, மின்சார வண்டி தனவந்தர்களின் வீடுகளில் அடைக்கலம் புகுந்தது. கிளீவ்லண்டில் பேக்கர் கம்பெனியும், 1907 முதல் டெட்ராய்ட்டில் ஆண்டர்ஸன் கம்பெனியும் இவ்வகையில் புகழ் பெற்றன. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற வண்டி உருவத்தில் ஒரு சிறு வரவேற்பறை: நாற்புறமும் உயர்ந்த கண்ணாடி ஜன்னல்கள், மெத்தையிட்ட ஆசனங்கள், பூச்செண்டு வைக்க ஒரு கண்ணாடிக் குப்பி. ஓட்டுகிறவர் பின்னாசனத்தில் அமர்ந்து, வட்டச் சக்கரத்துக்குப் பதிலாக நீண்ட கம்பொன்றால் திருப்புவார். விருந்தினர் அவருக்கு எதிர்முகமாக உட்கார்ந்து சம்பாஷித்துக்கொண்டு வரலாம். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எண்பது மைல் போகும். வேகம் இருபது மைலைச் சுற்றி. தொட்டதும் கிளம்பவேண்டிய அவசியமுள்ள டாக்டர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். பெட்ரோல் மோட்டாரை உலகெங்கும் பரப்பிய ஹென்றி போர்டின் மனைவி கிளாரா அம்மையார்கூட ஓட்டியது 1914-ஆம் வருஷத்து டெட்ராய்ட் எலெக்ட்ரிக்தான். அது இன்றும் டியர்பார்னிலுள்ள போர்டு மியூஸியத்தில் இருக்கிறது. வீட்டிலே சார்ஜ் ஏற்றுவதற்கும் ஒரு சாதனம் வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கம்பியில் வரும் மின்சாரம் பெரும்பாலும் ஏ.சி.; பாட்டரி ஏற்பதோ டி.சி. ஒன்றை மற்றொன்றாக்குவதற்காக மோட்டார் ஷெட்டின் சுவரில் ஒரு பலகையைப் பொருத்தி, அதன் பின்னே பாதரசம் அடங்கிய பெரிய கண்ணாடிக் குமிழொன்றை அமைத்திருப்பார்கள்; சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் அக்குமிழ் நீலநிறமாக ஒளிவிட்டுக்கொண்டிருக்கும்.

விளம்பரக்காரர்கள் இந்த வண்டியை ஸ்திரீகளுக்கே ஏற்றது என்று வர்ணித்து வர்ணித்து எழுதினார்கள். விற்பனை ஒரு காலம் பெருகியது உண்மை. ஆனால், அந்த வர்ணனையே பின்னால் வினையாக முடிந்தது. வெகு தூரம் போவதும், சேற்றில் இறங்கித் தள்ளுவதும், கையில் கிரீஸ் பூசிக்கொள்வதுமே புருஷ லட்சணம் என்று எண்ணிய அக்காலத்து ஆண்மக்கள், சத்தம் போடாத வண்டியில் ஏறுவதைக் கௌரவக் குறைவாகக் கருதினார்கள். வீட்டில் பணம் கொடுத்து வாங்குகிறவர்களும் அவர்களாகவே இருந்தார்கள்.

ஈயத்தின் பாரத்தை ஒழிக்கப் புறப்பட்டவர் தாமஸ் எடிஸன். நிக்கலும் இரும்பும் கொண்டு அவர் செய்த முதல் பாட்டரி, கலங்களில் கசிவு ஏற்பட்டதால் 1904-இல் வாபஸ் வாங்கப்பட்டது. பல்லாயிரம் பரிசோதனைகளுக்குப் பிறகு, 1910-ஐ ஒட்டி, பல்லாண்டு உழைக்கக்கூடிய நல்ல பாட்டரியை அவர் வெளியிட்டார். அவரும் போர்டும் சேர்ந்து மலிவான மின்சாரக் கார் செய்யப்போவதாக 1914-இல் செய்தி வந்தது, கார் வரவில்லை. எடிஸனுடைய பாட்டரி ரயில் விளக்குகளுக்கும் சுரங்க விளக்குகளுக்கும் பயன்பட்டது. காருக்கு அது வந்துசேர்ந்த சமயத்தில், காரின் விதியை வேறொருவர் நிர்ணயித்துவிட்டார்.

அவர் ஒஹையோவின் டேட்டன் நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். முன்னாளில் கல்லாப்பெட்டி யந்திரங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தபோது, கல்லாவைத் திறக்க ஒரு சிறிய மின்சார மோட்டாரை அவர் பொருத்தியிருந்தார். நாள் முழுவதும் சுழலவேண்டிய மோட்டாருக்குத்தான் பெரிய உடம்பு வேண்டும். ஒரு க்ஷணம் பலமாகத் திருப்பிவிட்டு ஓய்வு எடுக்கும் மோட்டாருக்குச் சிறு உடம்பு போதும் என்ற சூட்சுமத்தை அங்கே கற்றார். காடிலாக் கம்பெனித் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பரொருவர், வழியில் நின்றுபோன வண்டிக்கு ஹாண்டில் போடப்போய், உதைபட்டு, அதன் விளைவாகவே இறந்தார் என்றும், இனி ஹாண்டில் கூடாதென்று லேலண்டு சபதமெடுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டி ஹாண்டில் இல்லாமலே கிளம்பிற்று. பெட்ரோல் வண்டியின் பெரிய குறையைத் தீர்த்தது ஒரு மின்சார மோட்டாரும் ஒரு ஈய பாட்டரியும்! மின்சார வண்டியின் பிராணனில் ஒரு துளியைக் கடன் வாங்கிக்கொண்டே பெட்ரோல் வண்டி அதை வீழ்த்தியது. ஐஸக் ரைஸின் பாட்டரிக் கம்பெனி இதனால் நஷ்டப்படவுமில்லை. மின்சார வண்டிகள் மறைந்த பின்னரும் கோடிக்கணக்கான பெட்ரோல் வண்டிகளுக்கு ஆளுக்கொரு பாட்டரி வேண்டியிருந்தது. நம் கடைவீதிகளுக்கும் பரிச்சயமான எக்ஸைடு என்ற பெயர் அந்தப் பிலடெல்பியாக் கம்பெனி இட்ட பெயர்தான்.

இருந்தாலும் ஸ்டார்ட்டர் ஒன்றை மட்டுமே காரணமாகச் சொல்லுவது அரைகுறை விசாரணை. 1901 ஜனவரியில் டெக்ஸாஸில் ஸ்பிண்டில்டாப் என்ற மேட்டில் எண்ணெய் பீறிட்டெழுந்து, பெட்ரோலுக்குப் பஞ்சமில்லாமற் செய்தது. 1908-இல் 850 டாலருக்கு வந்த போர்டின் மாடல்-டி கார், 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் குறைவாக விற்றது. 1912-இல் மின்சார வண்டியொன்றின் விலை 1,750 டாலராக இருக்க, பெட்ரோல் வண்டி 650 டாலருக்குக் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிராமம். பெட்ரோலை டின்னில் அடைத்துப் பலசரக்குக் கடையிலும் வைத்து விற்கலாம். வண்டியின் பின்னால் இன்னொரு டின்னையும் கட்டிக்கொண்டு போகலாம். மின்சாரமோ கம்பி போன இடத்துக்கு மட்டுமே போகும். 1930-களின் நடுவிலும் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் கம்பி போயிருந்தது. நகரத்துக்கு வெளியே நல்ல ரஸ்தாக்கள் போடப்பட்டு, ஜனங்கள் ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கியபோது, நகர எல்லைக்குள்ளேயே திரும்பவேண்டிய வண்டியை யார் வாங்குவார்கள்?

இந்தத் தோல்விக்கு நடுவிலும் ஒரு வெற்றி உண்டு; சரித்திர நூல்கள் அதற்குத் தரும் இடம் போதாதென்றே சொல்வேன். முன்னே சொன்ன ஆல்பர்ட் போப்பின் ஊராகிய ஹார்ட்போர்டில், அந்நகரத்துக்கு மின்சாரம் வழங்கிவந்த ஹார்ட்போர்டு எலெக்ட்ரிக் லைட் கம்பெனி, 1910-களின் தொடக்கத்திலிருந்து 1924 வரையில், சரக்கு லாரிகளுக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தது. வியாபாரி லாரியை மட்டும் பாட்டரி இல்லாமல் வாங்கிக்கொள்வார். பாட்டரி மின்சாரக் கம்பெனிக்கே சொந்தம். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணமும், ஓடின மைலுக்கு இவ்வளவு என்று மற்றொரு கட்டணமும் அவர் கட்டினால், தீர்ந்த பாட்டரியை மாற்றிக் கொடுப்பதும், லாரியை நிறுத்த இடம் தந்து பராமரிப்பதும் கம்பெனியின் பொறுப்பு. சீக்கிரம் கழற்றி மாட்டுவதற்குத் தக்கபடி லாரியும் பாட்டரியும் திருத்தி அமைக்கப்பட்டிருந்தன. இவ்வகையில் அந்த லாரிகள் அறுபது லட்சம் மைலுக்கு மேல் ஓடின. பிராட்வேயில் கெட்டுப்போன யோசனை ஹார்ட்போர்டில் ஏன் பலித்தது? இங்கே அதை நடத்தியவர்கள் பங்கு வியாபாரிகள் அல்லர், மின்சாரம் விற்கிறவர்கள். இரவெல்லாம் சும்மா சுழலும் தங்கள் யந்திரங்களுக்கு வேலை கொடுக்க அவர்களுக்குப் பாட்டரிகள் தேவையாயிருந்தன. பாட்டரி கெட்டால் நஷ்டம் அவர்களுக்கே ஆனபடியால், அதைக் கண்ணுங் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் பின்னர் மின்சார வண்டி உலகிலிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை. இங்கிலாந்தில் விடியற்காலத்தில் வீடு வீடாகப் பால்புட்டி வைத்துச் சென்ற வண்டிகளாகவும், தொழிற்சாலைக்குள் சரக்குத் தூக்கும் வண்டிகளாகவும் அது ஜீவித்திருந்தது. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் 1939 வரையில், ஆர்டர் வந்தால் மட்டும் செய்துகொடுத்துக் காலந்தள்ளிற்று. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது சில குட்டி வண்டிகள் தலைகாட்டின. 1990-இல் காலிபோர்னியா அரசாங்கம் புகையில்லாத கார்களைக் கட்டாயமாக்கியதன் பயனாக, ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் இ.வி.1 என்ற காரை வெளியிட்டது. பிளாந்தேயின் ஈயம்தான் அதன் முதற் பதிப்புக்கும் ஜீவன். ஆயிரத்துச் சொச்சம் கார்களைக் குத்தகைக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு அவற்றைத் திருப்பி வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கியது அக்கம்பெனி. பெங்களூரில் 2001-இல் வந்த ரேவா காரும் ஈயத்தில்தான் ஓடிற்று. எடிஸன் தேடி அலைந்த லேசான பாட்டரி, 1991-இல் ஸோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் பாட்டரியாக வந்தது. அதற்கு அஸ்திவாரமிட்ட மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. வரிவிலக்கும் சுங்கவிலக்கும் கொடுத்து முப்பது வருஷம் பொறுமையோடு இந்தப் பயிரை வளர்த்த நார்வே தேசத்தில், 2024-ஆம் வருஷம் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள்.

நம் ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் இன்று லட்சக்கணக்கில் மின்சார ஸ்கூட்டர்கள் உற்பத்தியாகின்றன. 2020 ஆகஸ்டில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம், பாட்டரி பொருத்தாத மின்சார வாகனங்களையும் விற்கலாம், பதிவு செய்யலாம் என்று மாநிலங்களுக்கு எழுதிற்று. 2022 பட்ஜெட்டில் பாட்டரி மாற்றும் நிலையங்களுக்கு ஒரு கொள்கை வகுக்கப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. இவற்றை நூதன யோசனை என்று பத்திரிகைகள் பாராட்டின. பிராட்வேயும் ஹார்ட்போர்டும் இதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டன. ஒன்று திவாலாயிற்று, மற்றொன்று பல வருஷம் நன்றாக நடந்தது. பாட்டரி நிலையம் வைக்கப் புதிதாகக் கிளம்பும் கம்பெனிகளுக்கு முதல் போட நினைப்பவர்களும், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கப்போகும் நம் மின்வாரியத்தாரும், பணத்தை இறக்குவதற்கு முன் அவ்விரண்டு கம்பெனிகளின் விவகாரத்தையும் ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்ப்பார்களாக.